முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கதிர்,

நீ கேட்ட பட்டியலை நான் இன்னும் அனுப்பவில்லை. மூன்று வாரமாகிறது. பெங்களூரில் நீ பிடித்திருக்கும் வாடகை வீட்டில் ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரி இருக்கிறது என்றும், உனக்கு வரப்போகிறவள் நிறைய வாசிப்பவள் என்றும், கல்யாணத்துக்கு முன் அதை நிரப்பாவிட்டால் உன் மானம் போய்விடும் என்றும் சொன்னாய். "ஒரு அம்பது புஸ்தகம் பேர் எழுதி அனுப்பும்மா. நீ படிச்சதா பாத்து எழுது" என்றாய். நீ சாதாரணமாகச் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால், நான் பாதியில் விட்ட ஒரு நாவலை முழுக்கப் படித்ததாகச் சொல்லி, அதற்கு ஒரு முடிவையும் நானே கட்டிச் சொல்லி, அந்த முடிவை மேலப்பாளையத்தில் ஒரு பெண் நம்பிக் காத்திருந்த விவகாரம் நீ கூப்பிட்ட அன்று பாதியில் நின்றுகொண்டிருந்தது. போன புதன்கிழமைதான் முடிந்தது. அன்றிலிருந்து இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உன் அப்பாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை ஆரம்பித்ததும் பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டார். ஆகவே நீ கேள். இதில் உனக்கும் பங்கு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் நான் போனை எடுப்பதில்லை என்று நீ குறைப்பட்டுக்கொள்வாய். அந்த நேரத்தில் நான் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருப்பேன். கடைக்காரர் பெயர் ஜெபராஜ். நாற்பது வயது இருக்கும். போன வருடம் உள்தேர்வு வினாத்தாள் நகலெடுக்கப் போனபோது, இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு தட்டு நிறையப் புத்தகங்கள் இருந்தன. என்ன என்று கேட்டேன். "மாடியில ஞாயித்துக்கிழம கூடுதோம் மேடம். நீங்களும் வரலாம், யாரும் கடிச்சிர மாட்டாவ" என்றார். எனக்கு இப்படிப்பட்ட கூட்டங்கள் மேல் நம்பிக்கை கிடையாது. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் ரசனையை மற்றவர் பாராட்டுவார்கள், யாராவது தன் கவிதையை எடுத்துவிடுவார், கடைசியில் பஜ்ஜி கொடுத்து அனுப்புவார்கள் என்று நினைத்தேன். பஜ்ஜி மட்டும்தான் நான் நினைத்தபடி இருந்தது.

அங்கே ஒரே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்ளே ஜெபராஜ் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். அதில் மூன்று கட்டங்கள்: பெயர், நின்ற பக்கம், ஏன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது எந்தப் பக்கத்தில் வாசிப்பதை நிறுத்தினோம், எதனால் என்று எழுத வேண்டும். முழுக்கப் படித்திருந்தால் 'முழுவதும்' என்று எழுதலாம். ஆனால் அங்கே யாருக்கும் அதில் அக்கறை இல்லை. ஒரு தடவை ஒருவர் ஐந்து புத்தகம் முடித்தேன் என்று பெருமையாகச் சொன்னபோது ஜெபராஜ் கேட்டார்: "முடிச்சேன்னு எவன் வேணும்னாலும் சொல்லலாம் வே. எங்கன நின்னீரு, அதச் சொல்லும்." நான் போன முதல் ஞாயிறு, சேரன்மகாதேவியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு வங்கி ஊழியர் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நின்றதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "அதுல வாற மாமனாரு எங்க மாமனாரு மாதிரியே பேசுதாரு. வீட்லதான் கேக்கம்னா பஸ்ஸுலயுமா?" என்றார். மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அதன் பிறகு ஒரு மணி நேரம் அந்த மாமனாரைப் பற்றி அவர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, இருபத்தைந்து வருடமாகக் கல்லூரியில் நான் உட்கார்ந்த எந்தக் கருத்தரங்கிலும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான், எதையும் சட்டென்று நம்ப மாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் அன்று அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, அந்த நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் தெருவிளக்கில் பிரித்துப் பார்த்தேன்.

எப்படியெல்லாம் வாசிக்கிறார்கள் தெரியுமா! ஒருத்தி சோறு வேகும்போது மட்டும் வாசிப்பாள். மூன்று விசிலுக்கு எட்டுப் பக்கம் என்று கணக்கு வைத்திருக்கிறாள். பருப்பு வைத்த நாளில் கூடுதலாக இரண்டு பக்கம். ஜெபராஜ் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவார். "எங்க போகுதுன்னு தெரியாத பஸ்ஸுல ஏற மாட்டேன்" என்பார். நான் என் வழக்கத்தையும் சொன்னேன்: பென்சிலும் ஸ்கேலும் இல்லாமல் எனக்கு வாசிக்க வராது. அடிக்கோடு நேராக இருக்க வேண்டும். அதைக் கேட்டு அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வரவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அங்கேதான் மைமூனைப் பார்த்தேன். மேலப்பாளையத்துக்காரி, என்னைவிட ஐந்தாறு வயது இளையவள், பீடி சுற்றுகிறவள். மகளின் சான்றிதழ்களை நகலெடுக்க வந்து, என்னைப் போலவே மாடியேறியவள். அவள் தனக்காக மட்டும் புத்தகம் எடுப்பதில்லை. மதியம் அவள் வீட்டு முன்னறையில் தெருப் பெண்கள் எட்டு ஒன்பது பேர் மடியில் தட்டை வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். கைதான் வேலை செய்கிறது, காது சும்மாதானே இருக்கிறது என்று, மைமூன் சத்தமாக வாசிப்பாள். வாசிக்கும் நேரத்தில் அவளால் பீடி சுற்ற முடியாது. அதனால் அவள் பங்கை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி அவள் தட்டில் போட்டுவிடுவார்கள். கதை நன்றாக இருக்கும் நாளில் கை வேகமாகப் போகுமாம். நன்றாக இல்லாவிட்டால் அவள் தட்டு காலியாகவே கிடக்குமாம். "எங்க தெருவுல விமர்சனம் அப்படித்தான் டீச்சர்" என்பாள்.

இனி என் தப்புக்கு வருகிறேன். வீட்டிலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து அதைப் பற்றிச் சொல்லும் முறை எனக்கு வந்த ஞாயிறு, இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய ஒரு தடித்த நாவலைக் கொண்டுபோனேன். நானூற்று நாற்பது பக்கம். கடலோர ஊர் ஒன்றில் ஒரு பெண். அவள் புருஷன் கப்பலேறிப் பிழைக்கப் போய், முதலில் கடிதம் போட்டு, பிறகு கடிதம் நின்றுபோகிறது. வீட்டில் பத்து வயதில் ஒரு பையன். நான் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தப் புத்தகத்தை மூடி வைத்தவள், பிறகு தொடவே இல்லை. ஆனால் ஜெபராஜ் அதற்கும் ஒட்டிய பின்னட்டைத் தாளில் என் பெயருக்கு நேராக 'முழுவதும்' என்று எழுதினேன். ஏன் என்று கேட்டால், பத்துப் பேருக்கு முன்னால் இரண்டு பட்டம் வாங்கின பேராசிரியை பாதியில் நின்றேன் என்று சொல்வதா என்ற வீம்புதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. எழுதி முடிப்பதற்குள் மைமூன் கேட்டாள்: "அவன் திரும்பி வாரானா டீச்சர்?"

"வருகிறான். கடைசியில் அவன் வாசலில் வந்து நிற்கும் இடத்துக்காகவே வாசிக்கலாம்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வாசல், யாருக்குத் தெரியும். வாயில் வந்துவிட்டது.

"மேடம், படம் போடுததுக்கு முன்னாலயே க்ளைமாக்ஸா?" என்று ஜெபராஜ் கத்தினார்.

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி" என்றாள் மைமூன். "எனக்கு அது தெரிஞ்சாத்தான் எடுத்துட்டுப் போவேன். எங்க தெருவுல பாதி வீட்டு ஆம்பளைய வெளிநாட்லதான் இருக்காவ. வராதவன் கதைய அங்கன வாசிக்க முடியுமா? எதுத்த வீட்டு நூரு மாப்பிள்ள போயி ஆறு வருஷம், நாலு வருஷமா ஒரு போன் கிடையாது. அவளும் வந்து உக்காருவா. டீச்சர் வாரான்னு சொல்லிட்டாவ, அது போதும்" என்று புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் கதிர். மாடிப்படி இறங்கும் வரை நேரம் இருந்தது. கீழே அவள் செருப்பை மாட்டும்போதுகூட நேரம் இருந்தது. திறக்கவில்லை.

அதன் பிறகு வந்த ஒரு மாதம் மைமூன் ஞாயிறுதோறும் கொண்டுவந்த செய்திகள் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. தெரு முழுக்க அந்தக் கதைதான் பேச்சாம். அவன் எந்த மாதம் வருவான் என்று வாதமாம். இருநூறாம் பக்கத்தில் ஒரு கப்பல் வருகிறது, அதில் அவன் இல்லை என்றதும் ஒருத்தி தட்டையே தள்ளிவிட்டாளாம். அப்போது நூர் சொன்னாளாம்: "பொறுங்களா, டீச்சர்தான் வாரான்னு சொல்லியிருக்காவள்லா." இதைச் சொல்லும்போது மைமூன் முகத்தில் என்ன சந்தோஷம்! நான் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது ஞாயிறு அவள் புத்தகத்தோடு வந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, எனக்காகச் சங்கடப்படுகிறவளைப் போலக் கேட்டாள்: "டீச்சர், நீங்க சொன்ன முடிவு இதுல இல்லையே. அவன் வரவே இல்லையே. நீங்க படிச்சது வேற பதிப்போ?"

அவளுக்கு என் மேல் சந்தேகம் வரவில்லை. புத்தகத்தின் மேல்தான் வந்தது. அவளே ஒரு கதவைத் திறந்து, இதன் வழியாக ஓடிப்போங்கள் என்று பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் ஓடினேன். "ஆமாம், பழைய பதிப்பில் அப்படி இருந்தது. பிறகு மாற்றிவிட்டார்கள் போல" என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது! அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் அதத்தான் சொன்னேன். டீச்சர் பொய்யா சொல்லுவாவன்னு கேட்டேன். அந்தப் பழைய புஸ்தகத்த ஒரு நாளைக்குக் குடுங்க டீச்சர். அந்தக் கடைசிய மட்டும் வாசிச்சுட்டுத் தந்திருதேன். நூரு அதக் கேக்காம விடமாட்டேங்கா" என்றாள்.

அடுத்த ஞாயிறு தலைவலி என்று நான் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. மைமூன் போனில் கேட்டபோது, புத்தகம் பரணில் இருக்கிறது, தேடுகிறேன் என்றேன். அந்த மாடியை விட்டுவிடலாம் என்றுகூட யோசித்தேன். நாற்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக, வாரத்தில் ஒரு நாள் எப்போது வரும் என்று நான் காத்திருந்த இடம் அது. அதைவிட, நாலு வருடமாக போன் வராத ஒரு பெண்ணுக்கு, வருவான் என்று நான் எழுதிக் கொடுத்தது போலாகிவிட்டது. உட்கார்ந்து அந்த முடிவை நானே எழுதி, தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நாள் காலையில் நிஜமாகவே இரண்டு பக்கம் எழுதினேன். நம்புவாயா? எழுதிப் படித்துப் பார்த்தால் மகா மோசமாக இருந்தது. அவன் வாசலில் வந்து நின்றான், சரி, அதற்குப் பிறகு என்ன பேசுவான் என்று எனக்கு ஒரு வரிகூட வரவில்லை.

புதன்கிழமை எனக்கு மதிய வகுப்பு கிடையாது. அந்த வாரமே மேலப்பாளையத்துக்கு ஆட்டோ பிடித்தேன். ஸ்கூட்டரில் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்று என் மேல் எனக்கே சந்தேகம். மைமூன் வீட்டு முன்னறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். வெட்டிய இலையும் புகையிலைத் தூளும் நெடி அடித்தது. எனக்கு இரண்டு தும்மல் வந்தது. "டீச்சர் வந்திருக்காவ! பழைய புஸ்தகம் கெடச்சிட்டுப் போல!" என்று மைமூன் எழுந்தாள். கதவோரத்தில் ஒல்லியாக, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருத்தி, கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள்தான் நூர் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். பழைய புத்தகம் என்று ஒன்று இல்லை. நான் முழுக்கப் படிக்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டோடு நிறுத்திவிட்டேன். அவன் வருவான் என்று சொன்னது நானாகச் சொன்னது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நூரைப் பார்த்துச் சொன்னேன். ஒருத்தி கையும் அசையவில்லை. மைமூன் முகம் சிவந்துபோனது. எனக்காகத் தெருவோடு சண்டை போட்டவள் அவள்தானே.

நூர்தான் முதலில் பேசினாள். "எனக்கு அவன் வந்தா என்ன வராட்டா என்ன டீச்சர்" என்றாள். "வாறவன் என்ன சாக்கு சொல்லுதான்னு கேக்கணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் அந்தப் புஸ்தகத்தக் கேட்டேன்."

பிறகு மூலையிலிருந்து ஒருத்தி, "சிம்கார்டு தொலஞ்சிட்டும்பான்" என்றாள். "கபில் விடலம்பான்" என்றாள் இன்னொருத்தி. கபில் என்றால் அங்கே வேலை கொடுத்த முதலாளி என்று மைமூன் எனக்கு விளக்கினாள். "உன்னயத்தான் நெனச்சிக்கிட்டே இருந்தேன் புள்ளன்னு சொல்லுவான், நாலு வருஷமா ஒரே நெனப்பு, போன் பண்ண நேரமில்ல" என்று நூரே சொன்னதும் அறை வெடித்துவிட்டது. நான் அவளைப் பற்றி எத்தனை நாள் என்னென்னவோ கற்பனை செய்து, சாப்பிடாமல் இருந்திருக்கிறேன்! நொறுங்கிப்போவாள் என்று நான் பயந்த பெண், நான் எழுத முடியாமல் விட்ட வரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள்: "நீங்க ஏன் அங்கன நின்னிய? அது நல்ல எடமாச்சே."

கதிர், இதை உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண்களிடம் சொல்லிவிட்டு உனக்கு இரண்டாவதாகச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில், பத்து வயதுப் பையன் தன் அப்பா எழுதியது போலக் கடிதங்களை எழுதி ஒளித்து வைத்திருப்பதை அம்மா கண்டுபிடிக்கிறாள். கோபத்தில் அதில் ஒன்றை அக்கம்பக்கத்தார் முன்னால் சத்தமாக வாசித்துக் காட்டுகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். பையன் அவள் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்துப் போடுகிறான். எனக்கு அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, நூலகத்திலிருந்து எடுக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கம் சுருக்கம் எழுத வேண்டும் என்று நான் உனக்கு ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தேன். ஞாயிறு காலையில் சிவப்புப் பேனாவால் திருத்துவேன். எட்டாவதோ ஒன்பதாவதோ சுருக்கம், தாமிரபரணிக்கு அடியில் ஓடும் ஒரு ரயிலைப் பற்றியது. அப்படி ஒரு புத்தகமே கிடையாது என்று நான் நூலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எழுதியவர் பெயர் என்று நீ போட்டிருந்தது உங்கள் விளையாட்டு வாத்தியார் பெயர். மாமா குடும்பம் வள்ளியூரிலிருந்து வந்திருந்த அன்று அதை நான் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நான் அடிக்கவில்லை, திட்டவில்லை. சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். கிழித்தது நீ. அதன் பிறகு நீ பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் எதையும் இந்த வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. உனக்கு வாசிப்பில் நாட்டமில்லை, கணக்கில்தான் மூளை என்று நான் பதினைந்து வருடமாக உறவினர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். அது நான் சொன்ன பெரிய பொய். இல்லாத புத்தகத்தைப் பற்றி எழுதியதற்காகப் பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டத்தில் நிறுத்திய அம்மா, நாற்பத்தொன்பது வயதில் இல்லாத முடிவைச் சொன்னாள். அந்தப் பையன் எழுதிய கடிதங்கள் நிஜமாகிவிட வேண்டும், அப்பன் வந்துவிட வேண்டும் என்று என் மனசு அவசரப்பட்டதோ என்னவோ. இருக்கலாம். இந்த மாதிரி விளக்கங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. உனக்கு நான் செய்தது தப்பு என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அந்த ரயில் நன்றாக இருந்தது. மூன்றாவது நிலையத்தில் மீன்களுக்கு டிக்கெட் கிடையாது என்று எழுதியிருந்தாய்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர்கள் எனக்கு ஒரு தண்டனை போட்டார்கள். "எங்களுக்குக் கதை முடிஞ்சிட்டு. ஒங்களுக்குத்தான் முடியல. அந்தப் பக்கத்துல இருந்து நீங்க வாசிங்க, நாங்க கேக்கோம்" என்றாள் மைமூன். குரலில் இன்னும் கோபம் மிச்சம் இருந்தது. "தெனமும் வேண்டாம். புதங்கெழம வாங்க" என்று புத்தகத்தை என் மடியில் வைத்தாள்.

வாசித்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் கடப்பதற்குள் எனக்கு இரண்டு தடவை தண்ணீர் வேண்டியிருந்தது. பிறகு ஓடத் தொடங்கியது. என் கையில் பென்சில் இல்லை, ஸ்கேல் இல்லை. நான் வகுப்பெடுப்பது போல வாசிக்கிறேன் என்று முதல் நாளே குற்றம் சாட்டினார்கள். "பைய வாசிங்க டீச்சர், பரீட்சையா வருது?" என்றாள் நூர். இரண்டாவது புதன் அந்த அம்மாவுக்கும் பையனுக்கும் தனித்தனிக் குரல் கொடுக்க ஆரம்பித்தேன், நான்! அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் நிறுத்த வேண்டும். அடுத்த புதன் வரை என்ன ஆகும் என்று எனக்குத் தவிப்பாக இருக்கும். அவர்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. கடைசி அத்தியாயத்தைப் பற்றி ஒருத்தி வாயைத் திறந்தால் மற்ற எட்டுப் பேரும் பாய்வார்கள்: "சொல்லிராதளா! டீச்சர் இன்னும் அங்கன வரல!" என்னை ஒருவரும் இப்படிப் பாதுகாத்ததில்லை.

போன புதன்கிழமை கடைசி அத்தியாயம். வாசிக்க வாசிக்க அறையில் கத்தரிக்கோல் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அந்தப் பெண் ஒரு காலையில் நல்ல சேலை உடுத்தி, பையனையும் கூட்டிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போகிறாள். குடும்ப அட்டையில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவன் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போடச் சொல்கிறாள். அவ்வளவுதான். அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள், கதை முடிகிறது. நான் தலை நிமிர்ந்தேன். ஒன்பது பேரும் வேலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் அத்தனை புதன்கிழமையும் காத்திருந்திருக்கிறார்கள்! நான் மூக்கைத் துடைத்தேன். தூள் நெடி என்றேன். ஒருத்தியும் நம்பவில்லை.

"எல்லாம் சரி, ஆனா தப்பா எழுதியிருக்கு" என்றாள் நூர்.

"எது?"

"ஒரே தடவ போயி அட்டய வாங்கிட்டு வாராளாம்! நான் ரெண்டு வருஷத்துக்கு முன்ன எம் பேருக்கு மாத்துனேன். நாலு நட நடக்க விட்டாவ. புருஷன எங்கம்மான்னு கேட்டாவ. ஒங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க சார், நானும் அவனத்தான் தேடுதேன்னேன். ஒடனே கையெழுத்துப் போட்டுட்டாரு." சிரித்துக்கொண்டே சொன்னாள், இலையை எடுத்து வெட்டவும் தொடங்கிவிட்டாள். மைமூன் என் தோளில் ஒரு அடி போட்டாள். அவள் கோபம் அதோடு போனது என்று எடுத்துக்கொண்டேன்.

அலமாரிக்கு வருகிறேன். ஐம்பது பெயர்களை எழுதி அனுப்ப என்னால் முடியும். கைபழகிய வேலைதான். அனுப்ப மாட்டேன். உனக்கு வரப்போகிறவளுக்கு முன்னால் படிக்காத ஐம்பது புத்தக முதுகுகளை நீ அடுக்கி வைக்க வேண்டாம். வெறும் அலமாரியைக் காட்டு. அவள் கொண்டுவரும் புத்தகத்தில் ஒன்றை வாங்கிப் பார். பிடிக்காவிட்டால் எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று அவளிடம் சொல். அவள் சண்டைக்கு வருவாள். வந்தால் நல்லது. ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரு புத்தகத்துக்காகச் சண்டை போடுவது எவ்வளவு சுகமானது என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. உன் அப்பாவையும் இழுத்துப் பார்க்கிறேன். பேப்பர்தான் குறுக்கே நிற்கிறது.

புதன்கிழமை அடுத்த புத்தகம் ஆரம்பம். நீங்களே ஒன்று சொல்லுங்கள் டீச்சர் என்றார்கள். மாட்டவே மாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். ஒன்பது பேரும் கூடிப் பேசி பேய்க் கதை என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஜெபராஜ் ஒன்று தேடிக் கொடுத்திருக்கிறார், அட்டையிலேயே ரத்தம் சொட்டுகிறது. என் வாழ்நாளில் பேய்க் கதை படித்ததில்லை. ஒரு பக்கம்கூட முன்னால் புரட்டிப் பார்க்கக் கூடாது என்று மைமூன் சத்தியம் வாங்கியிருக்கிறாள். புத்தகம் மேசை மேல்தான் இருக்கிறது. பக்கத்தில் போகவே பயமாக இருக்கிறது, பேய்க்காக இல்லை.

ஆகவே புதன்கிழமை இரண்டரைக்கு மேல் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். நாலரைக்குக் கூப்பிடு. முதலில் செத்தது யார் என்று சொல்கிறேன். அடுத்து யார் சாவார்கள் என்று நீ சொல், உன் வாய்க்கு வந்தபடி.

அம்மா